மயில் எண்ணெயும் எலியின் பாதமும்

மயில் எண்ணெய் தேய்ச்சா முழங்கால் வலி இறங்கும்னு குத்துக்கல்வலசையில் எங்க ஆச்சி சொல்வாள். இறங்கும்தான்; சூடுகாட்டி அரைமணி நேரம் நீவினால் நல்லெண்ணெய்க்கும் இறங்குமே!

விலங்குக் கொழுப்பைச் சோதிக்கும் கட்டுரைகள் பல, 1962-இல் வந்த எலிப்பாதச் சோதனையையே நம்புகின்றன. கடற்பாசியிலிருந்து எடுக்கும் கேராஜீனனை ஊசியில் ஏற்றி, சில மணி நேர வீக்கத்தை அளப்பது. ஆச்சியின் மூட்டுத் தேய்மானமோ பல வருஷத்துது. அதைக்கூட விட்டுவிடலாம். ஒப்பிட இண்டோமெதசின் வைக்கிறார்கள், சரி. அதே அளவு, அதே விதமாகக் கொடுத்த சாதா எண்ணெய் எங்கே? நான் முதலில் தேடுவது அதைத்தான். அது இல்லாமல் 'வீக்கம் குறைந்தது' என்றால், குறைத்தது மயிலா, வெறும் கொழுப்பா?

1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை இது. வேட்டைக்குக் குறைந்தது 3 வருஷம் சிறை. கட்டுரையின் கடைசி வரியைக் காட்டியே நாளைக்குக் குப்பி விற்பார்கள்.