இணையவழிக் கல்வி: சாதனம் யார் கையில்?

புதிய சாதனம் ஒன்று வகுப்பறையுட் புகும்பொழுது அதனைப் போற்றுவோரும் தூற்றுவோரும் தோன்றுதல் இயல்பே. இணையவழிக் கற்றலைச் சகல நோய்க்கும் மருந்தென ஒரு சாரார் கொள்கின்றனர். மாணவரைச் சோம்பராக்கும் பொழுதுபோக்கென மறுசாரார் ஒதுக்குகின்றனர். இரு சாராரும் கேட்க மறக்கும் வினாக்கள் இரண்டு. இச்சாதனம் யார் கையில் இருக்கின்றது? அதனைக் கொண்டு மாணவன் யாது செய்கின்றான்?

முதல் வினாவுக்கு நமது நாட்டின் அண்மைக்கால அனுபவமே விடை பகரும். 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, கல்வி கைத்தொலைபேசிக்கு இடம்பெயர்ந்தது. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்திற் பாடங்கள் கிடைத்தன. ஆசிரியர்கள் வட்சப் வழியே குறிப்புகளை அனுப்பினர். ஆயின், 2021இல் ஊவா மாகாணத்துப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் தொலைபேசிச் சமிக்ஞையைத் தேடிக் குன்றேற வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு தொலைபேசியே இருந்தால், தந்தை வேலைக்குப் புறப்படும்பொழுது பிள்ளையின் வகுப்பறையும் அவருடன் புறப்பட்டுவிடும். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி பாடசாலைக் கட்டணத்தை அகற்றியது. டேட்டாவுக்குக் கொடுக்கும் பணம் அக்கட்டணத்தைப் புறவாயில் வழியே மீண்டும் கொணர்ந்தது. இதனை மறந்து இணையக் கல்வியைப் புகழ்வது, உள்ளவர் இல்லாதவருக்குக் கூறும் உபதேசமேயாகும்.

இரண்டாவது வினாவை நோக்குவோம். மாணவர் பெரிதும் நாடும் தளங்களில் நிறைந்திருப்பவை கடந்தகால வினாத்தாள்களும் மாதிரி விடைகளுமே. சிறுகதைப் பாத்திரம் ஒன்றைப் பற்றி உன் கருத்தை எழுதுக என்றால், இருபது கொப்பிகளில் ஒரே வாக்கியம் ஒரே எழுத்துப் பிழையுடன் காணப்படுகின்றது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் பிழை நீங்கியிருக்கின்றது. மாணவனது கருத்துத்தான் இன்னும் வந்தபாடில்லை. இதற்கு இணையத்தை மட்டும் நோவதிற் பயனில்லை. பரீட்சையையே கல்வியென எண்ணும் சமுதாயம், ரியூட்டரிக் குறிப்பையே புதிய பாத்திரத்தில் ஊற்றித் தருகின்றது.

வேறு வழி இல்லையா? உண்டு. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பேண 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் தளமும் தன்னார்வலர் உழைப்பில் வளர்ந்தவை. நமது பாடசாலைகளிற் கையெழுத்துப் பத்திரிகை என்றொரு மரபும் இருந்தது. ஒற்றைப் பிரதியாய் ஒரு பள்ளிக்குள் உலாவிய அம்முயற்சியை மாணவர் இணையத்தளம் இன்று உலகின் முன் வைக்கலாம். வாடை, சோளகம், கச்சான் எனக் காற்றுகளைப் பெயரிட்டழைக்கும் கடற்றொழிலாளியின் அறிவும், கொழுந்து பறிக்கும் தாயின் சொற்களஞ்சியமும் எந்தப் பாடநூலில் முழுமையாக இடம்பெற்றிருக்கின்றன? அவற்றைத் திரட்ட ஒருவன், எழுத ஒருத்தி, பாடசாலைக் கணினியில் ஏற்ற இன்னொருவர் என வேலையைப் பகிரலாம். அங்கே தொலைபேசியில்லாத பிள்ளை கையேந்தி நிற்பதில்லை. மற்றையோரிடம் இல்லாத செல்வத்தை வீட்டிலிருந்து கொணர்பவனாகின்றான். பிறர் படிப்பர் என்ற உணர்வு பிறக்கும்பொழுது ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்தி எழுதும் பொறுப்பும் பிறக்கும்.

ஆனால் இஃது ஆசிரியரின் ஆர்வத்தால் மட்டும் நடந்துவிடாது. பூட்டியே கிடக்கும் கணினி அறைகள் பாடசாலை முடிந்த பின்னுந் திறந்திருத்தல் வேண்டும். பிள்ளைகளின் படமும் விலாசமும் தளத்தில் வெளிவராதபடி காத்தல் வேண்டும். தளத்தில் ஏறியது அச்சுப் பிரதியாகவும் பாடசாலை நூலகத்துக்கு வருதல் வேண்டும். இத்தகைய வேலைக்குப் பரீட்சைப் புள்ளியிலும் பங்கு வேண்டும். இவற்றைக் கோருவது ஆசிரிய சங்கங்களினதும் பெற்றோரினதும் கடமையாகும். இவை இன்றித் திரைகளை மாத்திரம் பெருக்குவோமாயின், கரும்பலகையைப் பார்த்து எழுதிய பிள்ளை இனித் திரையைப் பார்த்து எழுதும். வேறொரு மாற்றமும் நிகழாது.