கூடிக்கொண்டே போகும் எண்: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கொரோனா தரவுப்பலகை குறித்த ஒரு திறனாய்வு

சிதறிக் கிடக்கும் எண்களை ஒரே திரையில் தொகுத்துக் காட்டி, முடிவெடுப்போருக்கு உதவும் கருவியே தரவுப்பலகை எனப்படுகிறது. அவற்றுள் உலகறிந்த ஒன்று, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லாரன் கார்ட்னர், என்ஷெங் டாங் ஆகியோர் உருவாக்கி 2020 ஜனவரி 22 அன்று வெளியிட்ட கொரோனா தரவுப்பலகையாகும். பல மூலங்களிலிருந்து திரட்டிய தரவுகளை எவரும் எடுத்தாளுமாறு திறந்து வைத்தமை அதன் பெருஞ்சிறப்பு. எனினும், அதன் வடிவமைப்பு பார்ப்போரிடம் எத்தகைய புரிதலுக்கு இடமளித்தது என்பது தனியே ஆராயத்தக்கது.

கரிய பின்னணியில் சிவப்பு வட்டங்கள், ஓரத்தில் பெரிய எழுத்தில் மொத்தத் தொற்று எண்ணிக்கை, அதன்கீழ் எண்ணிக்கை மிகுந்த நாடு முதலாக அமைந்த பட்டியல் என்பதே தொடக்ககால முகப்பு. மொத்த எண்ணிக்கை கூடுமேயன்றிக் குறையாது. எனவே, தொற்று தணிகிறதா என்னும் வினாவுக்கு முகப்பின் முதன்மை எண்ணில் விடையில்லை. மக்கள்தொகையைக் கருதாத வரிசையில், சிறிய நாடொன்றின் பெரும் பாதிப்பு கீழே மறைந்துபோகும்.

வட்டங்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு. அமெரிக்கத் தரவு 2020 மார்ச்சில் கவுண்டி அளவில் பிரிக்கப்பட்டபோது, அந்நாடு எண்ணற்ற சிறு வட்டங்களால் நிரம்பியது. வேறு பல நாடுகளோ ஒற்றை வட்டமாகவே நின்றன. அறிக்கையிடும் அலகின் வேறுபாடு, நோய்ப்பரவலின் வேறுபாடுபோல் தோன்றியது.

வரையறையின் பங்கு இன்னும் ஆழமானது. சீனாவின் ஹூபேய் மாகாணம் 2020 பிப்ரவரி 12ஆம் நாளுக்கு 14,840 புதிய தொற்றுகளை அறிவித்தது. அவற்றுள் 13,332, ஆய்வக உறுதிப்பாடின்றி மருத்துவர்களின் கணிப்பால் சேர்க்கப்பட்டவை. அன்றைய ஏற்றத்திற்குப் பெருங்காரணம் ‘தொற்றாளர்’ என்னும் சொல்லின் பொருள் விரிந்தமையே. வரைபடத்தின் கோடு மட்டும் இதனை உணர்த்துவதில்லை.

2023 மார்ச் 10 அன்று இப்பலகையின் தரவுத் திரட்டல் நிறுத்தப்பட்டது. அமெரிக்க மாநிலங்கள் பலவும் அறிக்கையிடும் இடைவெளியை நீட்டித்தமை அதற்கு ஒரு காரணமாயிற்று. எண்ணுவோர் எண்ணும்வரையே பலகை பார்க்கும் என்பதை அதன் முடிவும் உணர்த்துகிறது. ஆகவே எண்ணின் வரையறை, அலகு, மூலம், நாள் ஆகியவை குறிப்புப் பக்கங்களில் ஒதுங்கிவிடாமல், எண்ணுக்கு அருகிலேயே இடம்பெற வேண்டும். அவ்வாறு அமையாத தரவுப்பலகை, பார்ப்போருக்கு அறிவைத் தருவதைவிட அறிந்துவிட்டோம் என்னும் நிறைவையே மிகுதியாகத் தரும்.