நாக்கை நீட்டு, அடுத்தது!

சடையங்குப்பம் என்ற பெயரை வருஷா வருஷம் மழைக்காலத்தில் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். புழல் ஏரியைத் திறந்தால் உபரி நீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாகப் போய் எண்ணூரில் கடலில் சேரும், கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும் என்று அறிவிப்பு வரும். மழை விட்டதும் பெயரும் மறந்துபோகும். 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்த ஊர்களில் அதுவும் ஒன்று. மணலி மண்டலம்.

தண்ணீருக்கு அறிவிப்பு உண்டு. காற்றுக்கு?

மணலி பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலை 1969ல் ஓட ஆரம்பித்தது. அதைச் சுற்றி உரம், ரசாயனம் என்று தொழிற்சாலைகள் வரிசை கட்டின. 2009ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் பகுதிகளுக்கு மார்க் போட்டபோது மணலி வாங்கியது 76.32. இந்தப் பரீட்சையில் 70 வாங்கினாலே ஃபெயில். 2023 டிசம்பரில் மட்டும் இரண்டு சம்பவங்கள். வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகம் வரை பரவியது. பிறகு அம்மோனியா கசிந்து ஜனங்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடி தாங்காமல் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இப்படி ஏதாவது நடந்தால் ஆம்புலன்ஸ் வரும், டி.வி. கேமரா வரும். மற்ற நாட்களில் தினம் இருமிக்கொண்டே ஸ்கூலுக்குப் போகிற பிள்ளை செய்தி இல்லை. அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை.

அது ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2013ல் மத்திய அரசு ஆரம்பித்த ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டத்தின்படி டாக்டர், நர்ஸ் அடங்கிய குழு வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வர வேண்டும். அங்கன்வாடிக்கு இரண்டு தடவை. இதயக் கோளாறு, ரத்தசோகை, கண் பார்வை, காது, பல், தோல், இழுப்பு, கற்றல் குறைபாடு என்று 30 விஷயங்கள் பட்டியலில் உண்டு. திட்டம் நல்ல திட்டம். காகிதத்தில் குறை சொல்ல முடியாது.

சிக்கல் வேறு இடத்தில். நாக்கை நீட்டு, கண்ணைக் காட்டு, அடுத்தது என்று வரிசை நகர்ந்தால் பரிசோதனை முடிந்த மாதிரிதான், ரெஜிஸ்டரும் நிரம்பிவிடும். இமையை இழுத்து வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது வேறு. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்றது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. அவர்கள்தான் இன்று ஒன்றாம் வகுப்பிலும் நாலாம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். டாக்டர் வருகிற அன்று லீவு போட்ட பிள்ளை யார்? உடம்பு சரியில்லாத பிள்ளையாகத்தான் இருக்கும். அவனுக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷமா?

சரி, பரிசோதனையில் பிரச்னை தெரிந்துவிட்டது. ஒரு சீட்டு எழுதி, ‘அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டான்லிக்குப் போ, எழும்பூருக்குப் போ’ என்றால் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. இரண்டு தடவை அலைந்தால் மூன்றாம் தடவை போக மாட்டார். அலட்சியமான பெற்றோர் என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுவோம்.

அதனால்தான் ‘பள்ளி மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கு’ என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான். யாருக்குக் கட்டாயம்? பிள்ளைக்கா, அரசாங்கத்துக்கா?

இங்கிலாந்தில் போயர் யுத்தத்துக்கு ஆள் எடுக்கப் போனபோது, வந்தவர்களில் ஏகப்பட்ட பேர் உடல் தகுதியில் தேறவில்லை. அதிர்ந்துபோய் 1907ல் பள்ளிக் குழந்தைகளின் மருத்துவப் பரிசோதனையைச் சட்டமாக்கினார்கள். டாக்டர்கள் சொத்தைப் பல்லையும் மங்கின கண்ணையும் எழுதி எழுதி வைத்தார்கள். ஆனால் வைத்தியம் செய்வதை அந்தச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அதற்கு 1918ல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பாடத்தை நாம் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டாம்.

மணலிக்கு இன்னும் பொருத்தமான ஊர் ஜப்பானில் இருக்கிறது. யொக்காய்ச்சி. அங்கேயும் கடலோரம், பெட்ரோ கெமிக்கல் ஆலைகள். 1960களில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு பேராசிரியர் மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளைப் புரட்டி, ஆலைக்குப் பக்கத்து மக்களுக்கு ஆஸ்துமா அதிகம் என்று எண்ணிக்கையோடு காட்டினார். 1965ல் நகராட்சி வைத்தியச் செலவை ஏற்றது. 1972ல் ஆறு கம்பெனிகள் நஷ்டஈடு தர வேண்டும் என்று கோர்ட் சொன்னது. ஜெயித்ததில் அந்த எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் பரிசோதனைப் பட்டியல் சடையங்குப்பத்துக்கும் சிவகங்கைக்கும் ஒன்றுதான். ஆலைகளுக்கு நடுவே இருக்கிற பள்ளியில் கூடுதலாக, ஒரு சின்னக் குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளக்கலாம். அதற்கு எம்.ஆர்.ஐ. மெஷின் எல்லாம் தேவையில்லை. பள்ளிவாரியாக எத்தனை பிள்ளைக்கு இழுப்பு, எத்தனை பிள்ளைக்கு ரத்தசோகை என்று வருஷா வருஷம் வெளியிடலாம். பெயர் வேண்டாம், பிள்ளையின் அந்தரங்கம் அவனுடையது. எண்ணிக்கை மட்டும் ஊருக்குத் தெரியட்டும். அது தெரிந்தால் சிலருக்குத் தர்மசங்கடம் வரும். வரட்டும்.

பசித்த வயிற்றில் படிப்பு ஏறாது என்று 1920லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சோறு போட்ட ஊர் இது. வெளுத்த ரத்தத்தோடும் இழுக்கிற மூச்சோடும் மட்டும் ஏறுமா?

உங்கள் தெருப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளி இருக்கும். ஹெட்மாஸ்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். டாக்டர் கடைசியாக எப்போது வந்தார்? எத்தனை பிள்ளைகளை மேல் சிகிச்சைக்கு அனுப்பினார்? அதில் எத்தனை பேருக்கு சிகிச்சை முடிந்தது? முதல் இரண்டுக்கும் ரெஜிஸ்டரில் பதில் இருக்கும். மூன்றாவதற்கும் பதில் இருந்தால்தான் அது பரிசோதனை.