ஓடாத பெட்டியும் ஆடாத ஏடும்

பழமையைப் பேணுதல் பற்றிப் பேசும்போது ஏட்டுச்சுவடி, செப்பேடு, சிற்பம், கோயில் என்பனவே தமிழ் வாசகரின் நினைவுக்கு முதலில் வருகின்றன. அண்மைக் காலத்தில் இவ்வரிசையிற் புதிய சில பொருள்களும் வந்து சேர்ந்துள்ளன. வால்வு வானொலி, கிராமபோன், ஒலிநாடாப் பெட்டி, வீடியோ டெக், தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி ஆகியவற்றைத் தேடி வாங்கிச் சேர்ப்போர் உலகெங்கும் பெருகியுள்ளனர். இது வெறும் பொழுதுபோக்கா, பண்பாட்டுப் பணியா என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்கு விடை காணுமுன் பிறிதொரு வினாவை எழுப்புதல் வேண்டும். சேகரிப்பவர் எதனைச் சேகரிக்கின்றார்? பெட்டியையா, அப்பெட்டி செய்த தொழிலையா?

இவ்வினாவை ஆரையம்பதி போன்றதோர் ஊரில் வைத்து நோக்குதல் பொருத்தமாகும். மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, காத்தான்குடியை அடுத்து, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் வாவியும் அணைத்து நிற்கும் ஒடுங்கிய நிலப்பரப்பில் அமைந்தது இவ்வூர். கடற்காற்று உப்பைக் கொணர்கின்றது. வாவி ஈரத்தைக் கொணர்கின்றது. இரும்பும் செம்பும் நெடுங்காலம் நிலைப்பதற்கு ஏற்ற சூழல் இதுவன்று. இயற்கையின் இவ்வன்றாட அரிப்புக்கு மேலாக, 1978 நவம்பர் 23ஆம் திகதிய சூறாவளி, போர்க்காலத்து இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை என்பன மட்டக்களப்புக் கரையோரத்து வீடுகளை அடுத்தடுத்துத் தாக்கின. ஆகவே, இப்பகுதி வீடொன்றின் பரணில் ஒரு பழைய வானொலியோ ஒரு பெட்டி ஒலிநாடாக்களோ எஞ்சியிருக்குமாயின், அது பல அழிவுகளுக்குத் தப்பிய பொருள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இக்கருவிகள் இந்நாட்டு வீடுகளுட் புகுந்த வரலாறு நீண்டதன்று. கொழும்பில் 1925இல் ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1949இல் 'றேடியோ சிலோன்' என்னும் பெயர் பெற்ற நிலையம் 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தமிழொலிபரப்புக் கடல் கடந்து தமிழகத்தையும் கேட்கவைத்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட ஒலிநாடாக் கசெற், வானொலியிலிருந்து ஓர் அடிப்படை வேறுபாடு கொண்டது. வானொலி கேட்பதற்கு மட்டும் உரியது. கசெற்றோ பதிவு செய்வதற்கும் உரியது. கேட்போனாக மட்டும் இருந்த சாதாரண மனிதன் அதன் வருகையாற் பதிவாளனும் ஆயினான். 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கின. அவற்றைத் தொடர்ந்து வீடியோ டெக்கும், பின்னர் 'ரி.வி. கேம்' எனச் சிறுவர் அழைத்த விளையாட்டுப் பெட்டியும் பரவின.

இனி, உலகச் சந்தையிற் சேகரிப்பு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டிலே 'சூப்பர் மாரியோ புறோஸ்' விளையாட்டின் திறக்கப்படாத பிரதியொன்று இருபது இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. அதன் பெறுமதி அனைத்தும் உறை கிழிக்கப்படாமையிலே தங்கியிருந்தது. உறையைக் கிழித்து ஒருமுறை ஆடினால் விலை வீழ்ந்துவிடும். ஆடுவதற்கென ஆக்கப்பட்ட ஒன்று, ஒருபோதும் ஆடப்படாமை காரணமாகவே மதிப்புப் பெறுவது இச்சந்தையின் முரண்பாடாகும். இங்கே போற்றப்படுவது விளையாட்டன்று, பண்டம். பொருளின் பயன்மதிப்பை அதன் பரிவர்த்தனை மதிப்பு விழுங்கிவிடுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

இச்சந்தை நோக்கிற்கு மற்றொரு குறைபாடும் உண்டு. யப்பானிய நின்ரெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட 'பமிகொம்' பெட்டியையும், அதன் மேலைநாட்டு வடிவத்தையுமே சேகரிப்பாளர் மூலப்பிரதி எனப் போற்றுவர். தென்னாசியச் சிறுவருட் பெரும்பாலோர் கண்டதோ அதுவன்று. தொண்ணூறுகளில் மலிவு விலையில் விற்கப்பட்ட நகற்பெட்டிகளே அவர்கள் கைக்கு எட்டின. ஒரே கசெற்றில் இலட்சக்கணக்கான விளையாட்டுகள் உள்ளன என உறையிற் பெருமை பேசி, உள்ளே சிலவற்றையே மாற்றி மாற்றிக் காட்டிய பெட்டிகள் அவை. சேகரிப்பாளரின் விலைப்பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. ஆனால் ஒரு சமூகம் எதனை விளையாடிற்று என்பதே வரலாற்று மாணவனின் வினாவாயின், மூலத்திலும் நகலே இங்கு முதன்மையான சான்றாகும். பிற நாட்டுச் சந்தையின் அளவுகோலைக் கொண்டு நம் வீட்டுப் பரணை அளப்பவர், குப்பையெனத் தள்ளும் பொருளிலேயே தம் வரலாற்றையும் தள்ளிவிடுவர்.

பேணுதல் என்பது வாங்கி அடுக்குவதன்று. இக்கருவிகள் யாவும் ஓயாது சிதைந்துகொண்டிருப்பவை. மின்கொள்ளளவிகளுள் இருக்கும் திரவம் காலப்போக்கில் உலர்கின்றது. அன்றேல் கசிந்து சுற்றுப்பலகையின் செம்புக் கோடுகளை அரிக்கின்றது. ஒலிநாடாப் பெட்டியின் இறப்பர்ப் பட்டி நெகிழ்ந்து பிசினாகின்றது. நாடாவில் காந்தத் துகளைப் பிணித்துள்ள பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கின்றது, பூஞ்சணமும் படர்கின்றது. விளையாட்டுக் கசெற்றுகள் சிலவற்றினுள், ஆடியவன் எட்டிய நிலையை நினைவில் வைத்திருப்பதற்கு ஒரு சிறு பற்றரி உண்டு. அது தீர்ந்ததும் அந்நினைவு முழுவதும் அழிந்துவிடும். அன்றியும், பெட்டி தனித்து வாழ்வதில்லை. விளையாட்டுத் துப்பாக்கியால் திரையிற் பறக்கும் வாத்தைச் சுடும் ஆட்டம், பழைய குழாய்த் தொலைக்காட்சியில் ஒளி வரிவரியாகத் தோன்றும் முறையைச் சார்ந்து ஆக்கப்பட்டது. இன்றைய தட்டைத் திரையில் அத்துப்பாக்கி குருடாகின்றது. துப்பாக்கியைப் பேணி, தொலைக்காட்சியை எறிந்தவர் இரண்டையும் இழந்தவரே. வீடியோ டெக்கின் நிலையும் இத்தகையதே. அதனை இறுதிவரை உற்பத்தி செய்த யப்பானின் பூனாய் நிறுவனம் 2016 யூலையுடன் அதனை நிறுத்திவிட்டது. இனி இருப்பவற்றைத் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழியில்லை.

ஆகவே, திருத்துநரின் அறிவே சேகரிப்பின் உயிர்நிலை எனலாம். எந்தப் பாகம் முதலிற் பழுதுறும், எதனை எதனால் மாற்றலாம், குழாய்த் தொலைக்காட்சியைத் திறக்கும்போது மின்தொடர்பை நீக்கிய பின்னரும் உள்ளே தங்கியிருக்கும் உயர் மின்னழுத்தத்தினின்று எவ்வாறு தப்பலாம் என்பவற்றை அவர் நூல் கற்று மட்டும் அறிந்தாரல்லர், கைவழியே அறிந்தார். இவ்வறிவு மட்டக்களப்பாருக்குப் புதியதன்று. இதற்கு நிகரானது அண்ணாவியாரிடம் உள்ளது. கூத்தின் பாடல்கள் ஏட்டிலும் கொப்பியிலும் இருக்கும். ஆனால் ஏடு மட்டும் கூத்தாகாது. சட்டங்கொடுத்து, மத்தளத்துக்கு இசையத் தாளக்கட்டைக் காலிற் பழக்கி, களரியில் ஏற்றும்போதே அது கூத்தாகின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'அலங்காரரூபன் நாடகம்' என்னும் கூத்தைப் பதிப்பித்தார். ஆயினும் பதிப்போடு அமைந்தாரல்லர். அதே காலப்பகுதியிற் பேராதனை மாணவரைப் பயிற்றிக் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். ஏட்டைக் காத்தல் ஒன்று, ஆட்டத்தைக் காத்தல் வேறொன்று என்பதை அவர் உணர்ந்திருந்தமைக்கு இம்முயற்சிகளே சான்று. தமிழில் ஆடல் என்னும் ஒரு சொல்லே கூத்துக்கும் விளையாட்டுக்கும் உரியதாய் வழங்குவதும் ஈண்டு நோக்கத்தக்கது. இரண்டும் நிகழும்போதே உள்ளன.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். ஓட்ட ஓட்டக் கருவி தேயும், நாடாவும் தேயும், எனவே ஓட்டாது வைத்தலே காத்தலாகும் என்பர். இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. பல்லாண்டு உறங்கிய கருவியை ஆராயாது மின்னிணைத்து ஓட்டுபவர் அதனைக் கொன்றுவிடவுங் கூடும். ஆனால் இச்சிக்கலை நம் முன்னோர் முன்னரே சந்தித்துள்ளனர். ஓலை நிலையற்றது, எண்ணெய் பூசிப் பேணினும் செல்லும் ஈரமும் அதனைத் தின்னும். அதற்கு அவர்கள் கண்ட வழி படியெடுத்தல். பழைய ஏடு நைந்துபோகுமுன் புதிய ஓலையில் எழுதிக்கொண்டனர். படியெடுக்கும் மரபு எங்கே தளர்ந்ததோ அங்கே ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. இன்று கணினியிற் பழைய விளையாட்டுப் பெட்டிகளைப் போலவே இயங்கும் மென்பொருள்களை ஆக்குவோர் செய்வது இப்படியெடுத்தலையே. 1997இல் தொடங்கிய 'மேம்' என்னும் திட்டம், பழைய ஆட்டப் பொறிகளின் உள்ளமைப்பை ஆவணப்படுத்துதலே தன் நோக்கம் என்றும், ஆட இயலுவது அவ்வாவணம் திருத்தமானது என்பதற்குச் சான்று என்றும் கூறுகின்றது. இது சிறந்ததோர் உரைகல். ஆடிப் பார்த்தாலன்றிப் படி சரியா என்பதை அறிய முடியாது.

படியெடுக்கும் பணியைச் சந்தை தானே செய்யும் என நம்புவதற்கும் இடமில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என 2023இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பெருஞ்செல்வமுடைய நாட்டின், பெருநிறுவனங்கள் வெளியிட்ட ஆக்கங்களின் நிலையே இதுவாயின், எந்த நிறுவனமும் வெளியிடாத, ஒரேயொரு பிரதியாய் வீட்டிலிருக்கும் நாடாக்களின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

சிக்கலின் மையம் இங்கேதான் உள்ளது. ஒரு விளையாட்டுக் கசெற் அழிந்தால் உலகில் அதன் பிரதி வேறொன்றேனும் இருக்கும். ஊர்க் கோயிற் சடங்கிற் பாடப்பட்ட காவியத்தை, கூத்து அரங்கேற்றத்தை, திருமண வீட்டை, இன்று இல்லாத ஒருவரின் குரலைப் பதிந்த நாடாவுக்கு இரண்டாம் பிரதி இல்லை. அந்நாடா பேசுவதற்கு ஓடும் பெட்டியொன்று வேண்டும். ஆகவே பழைய பெட்டியைத் திருத்தி வைத்திருப்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ ஊரின் நினைவுக்குத் திறவுகோல் வைத்திருப்பவராகின்றார். அதனை அலுமாரியில் அழகுக்கு அடுக்குபவர் திறவுகோலைச் சுவரிற் பதித்துவிட்டவராகின்றார்.

தனி மனிதரின் ஆர்வம் பொதுச் சொத்தாக மாறியமைக்கு முன்னுதாரணங்கள் உண்டு. தமிழகத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா சேர்த்த அச்சுப்பொருள்கள், அவர் 1992இல் மறைந்த பின், 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. இசைத்தட்டுகளை ஆயிரக்கணக்கிற் சேர்த்த வி. ஏ. கே. ரங்காராவ், அவற்றைக் கேட்டுக் கேட்டே இசை பற்றியும் திரைப்பாடல் பற்றியும் எழுதினார். ஈழத்தில் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், அச்சு நூல்களுடன் ஒலி, ஒளி ஆவணங்களையும் எண்ணிம வடிவிற் சேர்க்கின்றது. இவற்றுடன் இணைக்கப்பட வேண்டிய கண்ணி, ஊர்தோறும் உள்ள திருத்துநரே. வந்தாறுமூலையிலும் கல்லடியிலும் பயிலும் மாணவர், அண்ணாவியாரிடம் ஒலிப்பதிவுக் கருவியுடன் செல்வதுபோல, வானொலி திருத்தும் முதியவரிடமும் செல்லுதல் வேண்டும். அவர் கடையில் எத்தனை பெட்டிகள் உள என்று எண்ணுவது போதாது. அவர் கையில் என்ன அறிவு உளது என்று எழுதுதல் வேண்டும்.

இது செய்யப்படாவிடின் விளைவது யாது என்பதை அறியத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஆரையம்பதியிலிருந்து அதே கரையோரமாகத் தெற்கே சென்றால் வருவது காரைதீவு. விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். யாழ் பற்றிய பாடல்கள் இருந்தன, உரைகள் இருந்தன, யாழ் இல்லை. அதனைச் செய்வாரும் நரம்பு கட்டுவாரும் மீட்டுவாரும் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகளாயின. அறிவியலும் கணிதமும் தமிழும் ஒருங்கே கற்ற ஓர் அறிஞர் பல்லாண்டு உழைத்து, 1947இல் 'யாழ் நூல்' வெளிவந்த பின்னரே அக்கருவியின் இயல்பைத் தமிழுலகு ஓரளவேனும் அறியலாயிற்று. ஒரு தலைமுறையில் நரம்பு கட்டுபவரை மதியாது விட்டதன் விலை, பின்வந்த ஒரு பேரறிஞரின் வாழ்நாள் உழைப்பு. கசெற்றுப் பெட்டிக்கும் வீடியோ டெக்கிற்கும் அத்தகைய ஓர் அறிஞர் பிறப்பார் என்று காத்திருப்பதிலும், இன்று உயிரோடிருக்கும் திருத்துநரின் கடைக்குச் சென்று ஒரு நாடாவை ஓட்டச் செய்து படியெடுத்தல் எளிது.