பறித்ததைத் திருப்பித் தரும் அழகு

சக்கரம் வழுக்கும்போது எஞ்சின் சக்தியைக் குறைக்கும் ட்ரக்ஷன் கொன்ட்ரோலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு விரைவாகச் சக்தியைப் பறிக்கிறது என்றே பார்க்கிறார்கள். பறிப்பது சுலபம். ஸ்பார்க்கை நிறுத்தினால் சில மில்லிசெக்கன்களில் எஞ்சின் அடங்கிவிடும். பறித்ததை எந்த வேகத்தில், எந்த அளவில் திருப்பித் தருகிறது என்பதில்தான் உயர்ந்ததும் மட்டமானதும் பிரிகின்றன. இரண்டாம் கியரில் வளைவிலிருந்து வெளியேறும் ஒரு காரைக் கவனியுங்கள். ஸ்டியரிங் இன்னும் நேராகவில்லை, அக்சிலரேட்டர் பாதிதான் இறங்கியிருக்கிறது, அதற்குள் பாரம் குறைந்த உட்பக்கப் பின்சக்கரம் சுழலத் தொடங்குகிறது. மட்டமான அமைப்பு சட்டென்று வெட்டும், பிடிப்பு வந்த பிறகும் தயங்கும், பிறகு மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டும். கார் தலையாட்டிப் பொம்மைபோல் ஆடும். காய்ந்த தாரில் டயர் அதிகபட்சமாக இழுப்பது கொஞ்சமும் வழுக்காதபோது அல்ல, வீதியைவிட நூற்றுக்குப் பத்து அளவுக்குச் சக்கரம் கூடுதலாகச் சுழலும்போது. உயர்ந்த அமைப்பு அந்த வழுக்கலை அழிக்காது. அதன் விளிம்பிலேயே காரைப் பிடித்து வைத்து, ஸ்டியரிங் நிமிர நிமிரச் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும்.

இதை மெர்சிடிஸின் ஏஎம்ஜி ஜிடி ஆர் அளவுக்கு மரியாதையோடு செய்த கார் வேறில்லை என்பது என் முடிவு. 2016இல் வந்த அந்தக் காரின் நடுப்பகுதியில், காற்றுத் துவாரங்களுக்குக் கீழே, மஞ்சள் நிறத்தில் ஒரு திருகுகுமிழ் இருக்கிறது. கார் நிலைகுலையாமல் காக்கும் ஈஎஸ்பியை முழுதாக அணைத்தால்தான் அது உயிர்பெறும். மொத்தம் ஒன்பது படிகள். முதலாவது மழைக்கு. ஒன்பதாவதில் வழுக்கலுக்குக் கிடைக்கும் அனுமதி மிக அதிகம். கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல், விரலால் ஒரு படி கூட்டலாம், ஒரு படி குறைக்கலாம். எவ்வளவு வழுக்கலாம் என்ற தீர்ப்பை ஓட்டுபவரிடம் விட்டுவிட்டு, அந்தத் தீர்ப்பை நிறைவேற்றும் வேலையை மட்டும் கணினி எடுத்துக்கொள்கிறது. ஃபெராரியின் ஸ்டியரிங்கிலுள்ள மனெட்டினோ என்ற திருகியை மேலானது என்பவர்கள் உண்டு. அதன் நளினத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது டாம்பர், கியர், டிஃபரன்ஷல் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டித் தருகிறது. மஞ்சள் குமிழ் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது.

எதுவுமே இல்லாத கார்தான் உண்மையான கார் என்போரின் வாதம் இதைவிடக் கனமானது. கோர்டன் மரி வடிவமைத்த மக்லாரன் எஃப்1இல் ட்ரக்ஷன் கொன்ட்ரோல் இல்லை, ஏபிஎஸ்கூட இல்லை. 627 குதிரைவலு முழுவதும் வலதுகாலின் பொறுப்பு. அது மகத்தான கார்தான். ஆனால் அதன் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு டர்போ இல்லை. கால் கேட்டதை, கேட்ட அளவில், சுழற்சி ஏற ஏறத் தந்தது. ஜிடி ஆரின் இரட்டை டர்போ எஞ்சினோ 1,900 சுழற்சியிலேயே 700 நியூட்டன் மீற்றரையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. காலைத் தூக்கினாலும் டர்போவில் சேர்ந்த அழுத்தம் உடனே வடிந்துவிடாது. ஒரு காலத்து எஞ்சினுக்குப் பொருந்திய நேர்மையை இன்னொரு காலத்து எஞ்சினிடம் அப்படியே கேட்பது நியாயமில்லை.

பந்தயத்தில் ட்ரக்ஷன் கொன்ட்ரோலைத் தடைசெய்தது சரியே. ஃபோர்முலா ஒன்னில் 2001 ஸ்பெயின் பந்தயத்திலிருந்து 2007 முடியும்வரை அனுமதி இருந்தது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் ஓடியது அந்தக் காலத்தில். 2011இல் எச்ஆர்டி அணியில் திரும்பி வந்தபோது வளைவின் முடிவில் துணைக்கு எதுவுமில்லை. தடைவந்த 2008இலேயே, நனைந்த சில்வர்ஸ்டனில் ஹமில்டன் ஒரு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். அதே பந்தயத்தில் மஸ்ஸா ஐந்து தடவை சுழன்றார். யார் கால் எப்படிப்பட்டது என்று உலகம் அன்று பார்த்தது. பந்தயம் நடப்பதே அதைப் பார்க்கத்தான். ஆனால் பந்தயத் தளம் பெருக்கித் துடைத்த தளம். பொது வீதி அப்படியல்ல.

கிழக்கிலங்கையின் இலங்கைத்துறைப் பக்கத்தில், வெருகலுக்கும் மூதூருக்கும் இடையில் ஓடும் ஏ15 வீதியை நினைத்துப் பாருங்கள். கச்சான் காற்றில் ஓரமெல்லாம் மணல் ஏறியிருக்கும். மாரியின் முதல் மழையில் அது கூழாகும். இடது பின்சக்கரம் மணலில், வலது பின்சக்கரம் தாரில் இருக்கும்போது மிதித்தால் என்ன ஆகும்? சுழலும் இடது சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து, சக்தியை வலதுபக்கம் அனுப்புகிறது கணினி. வலதுபக்கம் மட்டும் தள்ளப்பட, காரின் மூக்கு இடதுபக்கம், மணலை நோக்கியே திரும்புகிறது. பறிப்பதில் மட்டும் கெட்டிக்காரனான அமைப்பு இங்கே ஆபத்தைத்தான் கூட்டும். மெல்லக் கொடுக்கத் தெரிந்தது ஸ்டியரிங்கைத் திருத்த அவகாசம் தரும். எந்த ஓட்டுநரின் காலும் ஒரே நேரத்தில் இரண்டு சக்கரங்களுக்கு இரண்டு விதமாக மிதிக்க முடியாது.

இப்படிப்பட்ட கைவேலை குறைந்துவருவதுதான் வருத்தம். பிஎம்டபிள்யூ தன் புதிய எம்3, எம்4 கார்களில் பத்துப் படிகள் தருகிறது. எண்ணிக்கையில் ஒன்று கூடுதல், ஆனால் திரைப் பட்டியலுக்குள் போய்த் தேட வேண்டும். ஏஎம்ஜியின் அடுத்த தலைமுறை ஜிடி 63, 2023இல் நாற்சக்கர உந்துதலோடு வந்தது. பின்டயர்களின் சிக்கலை முன்டயர்கள் பங்குபோட்டுக்கொண்டால், அதைத் தீர்க்கும் நுட்பத்துக்கு வேலை குறைகிறது. மின்கார்களின் மோட்டாருக்குக் காற்றும் டர்போவும் தடையில்லை, சக்தியைக் கணத்தில் கூட்டவும் குறைக்கவும் முடியும். திருப்பிக் கொடுக்கும் கலை அங்கேதான் உச்சத்தைத் தொட வேண்டும். ஆனால் பல தயாரிப்பாளர்கள் அந்த வேகத்தை வழுக்கலை முளையிலேயே கிள்ளத்தான் செலவழிக்கிறார்கள். சோதனை எழுதுபவர்களும் பூச்சியத்திலிருந்து நூறுக்கு எத்தனை செக்கன் என்று தசமம்வரை அளந்து தருகிறார்கள். வெட்டப்பட்ட சக்தி முழுதாகத் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் அதே அக்கறையோடு அளந்து, பட்டியலில் ஒரு வரியாவது சேர்க்கட்டும்.