ரங்கபுரத்தில் டிரம்ஸ்

அகம் குழுவின் ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ (2017) ஆல்பத்தில் ‘ரங்கபுர விஹாரா’ இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் கிருதி, பிருந்தாவன சாரங்கா ராகம். எம்.எஸ். குரலில் நமக்குப் பழகிப்போன பாட்டு. ராக் ரசிகர்கள் இதைக் ‘கவர்’ என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் இடிக்குது.

கச்சேரியில் பாடுறது எல்லாமே கவர்தானே? தீட்சிதர் 1835இல் மறைந்தது எங்கள் திருநெல்வேலிச் சீமையின் எட்டயபுரத்தில். (என் ஊர் பாபநாசம் என்றால் ‘சிவன் ஊரா?’ என்பார்கள். அது தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே ஆறும் அணையும்தான்.) கிருதி அவருடையது, நிரவலும் கல்பனாஸ்வரமும் அன்றைக்குப் பாடுகிறவருடையது. மறுநாள் அதே மாதிரி வராது.

கன்ஸ் அண்ட் ரோசஸ் 1986இல் ஒரு ‘லைவ்’ இ.பி. போட்டார்கள். நான்கு பாட்டு, அதில் இரண்டு கவர். கூட்டத்தின் கூச்சல் பிறகு ஒட்டவைத்தது. ஸ்டுடியோ பாட்டுக்கு மேடை வேஷம்.

அகம் செய்தது இதற்கு நேர் எதிர். மேடையில் தினம் மாறுகிற ஒன்றை ஸ்டுடியோவில் உறைய வைத்துவிட்டார்கள். எங்க பாஷையில் கோட் ஃப்ரீஸ். ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் கமகம் குலையவில்லை, கிட்டார் சேரும்போது சிலிர்க்கத்தான் செய்யுது. ஆனா டிரம்ஸ் ஏறியதும் குரலுக்கு அலைய இடமில்லை. மேடையில் அவர் ஆலாபனையை இழுத்துக்கொண்டே போவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

எனக்கு வேண்டியது இதுதான்: மூன்று ராத்திரி, மூன்று ஊர், அதே ‘ரங்கபுர விஹாரா’, வெட்டாமல் அடுத்தடுத்து ஒரே ஆல்பத்தில்.