மணி என்னும் சொல்லும் கோவைத் தொழிலும்: அகராதியும் மொழிபெயர்ப்பும் பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

கோலார் தங்கவயலின் சுரங்கப் பகுதிகளுள் ஒன்று நந்திதுர்க். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேலாண்மையில் சுரங்கத் தொழில் பெருகியபோது வடஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் பலர் அங்குக் குடியேறினர். அதனால் கன்னட நாட்டின் எல்லைக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் அண்டை வீடுகளில் ஒலிக்கும் மும்மொழிச் சூழல் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன, மொழிச்சூழல் நிலைத்தது.

இத்தகைய சூழலில் ஒரே அணிகலன் மூன்று பெயர் பெறுகிறது. தாலியுடன் கோக்கப்படும் கருநிறச் சிறுமணி தமிழில் கருகமணி, கன்னடத்தில் கரிமணி, தெலுங்கில் நல்லபூசலு. மூன்றிலும் முற்கூறு கருமையைக் குறிக்கிறது. பிற்கூற்றில் தமிழும் கன்னடமும் ‘மணி’ என ஒன்றுபடத் தெலுங்கு ‘பூச’ எனப் பிரிகிறது. ஆனால் அதே நூலில் சேரும் பொன்னுருண்டைக்கு மூன்று மொழியினரும் ‘குண்டு’ என்னும் சொல்லையே ஆள்கின்றனர். கோக்கும் செயலைத் தமிழ் ‘கோ’ என்றும், கன்னடம் ‘போணிசு’ என்றும், தெலுங்கு ‘குச்சு’ என்றும் வழங்குகின்றன. தெலுங்கு வினை துளைத்தல், கோத்தல் ஆகிய இரண்டையும் ஒருசேர உணர்த்துவது. தமிழ்க் ‘குத்து’ என்பதனோடு உறவுடையது. தமிழோ துளைத்தலை ஒரு வினையாலும் கோத்தலை மற்றொரு வினையாலும் வேறுபடுத்துகிறது.

ஆக, கைவினையாளரும் வணிகரும் அணிவோரும் சேர்ந்து பேணும் ஒரு சொற்களம் இங்கு உள்ளது. இச்சொற்களத்தை நம் அகராதிகள் சிதறடிக்கின்றன. மொழிபெயர்ப்புகள் உயர்வு தாழ்வு கற்பித்துப் பிளக்கின்றன. இவ்விரு குறைகளும் ‘மணி’ என்பதனை அலகின் பெயராகக் கொள்ளாது விலையுயர்ந்த பொருளின் பெயராகக் கொண்டதன் விளைவுகள் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

2. பொருட்பெயரும் அலகுப்பெயரும்

சங்க இலக்கியத்தில் மணி என்பது அடையின்றி வருமிடங்கள் பலவற்றில் நீலமணியைக் குறிக்கிறது. மயிலின் கழுத்துக்கும் தொலைவில் தோன்றும் மலைக்கும் அது உவமையாதல் யாவரும் அறிந்ததே. இவ்வாட்சியை முதன்மைப்படுத்தியே ‘இரத்தினம்’ என்பது இச்சொல்லின் முதற்பொருளாகக் கருதப்படுகிறது. ஆயின் நெல்மணி, கோதுமை மணி, கண்மணி, குன்றிமணி, துளசிமணி, படிகமணி, பாசிமணி, கருகமணி ஆகிய கூட்டுச்சொற்களை ஒருங்கு வைத்து நோக்கின் வேறொரு பொதுமை புலனாகும். இவற்றுள் விலைமதிப்பும் இல்லை; ஒரே மூலப்பொருளும் இல்லை. சிறிதாய், உருண்டையாய், தனித்து எண்ணத்தக்கதாய் இருத்தலே இவற்றின் பொதுப்பண்பு. மூலப்பொருளையோ நிறத்தையோ முற்கூறு சுட்டுகிறது. ‘மணி’ என்னும் பிற்கூறு அலகை மட்டும் சுட்டுகிறது. ‘நெல்’ என்பது தொகுதி; ‘நெல்மணி’ என்பது அதன் ஒன்று.

இவ்வலகுத்தன்மைக்குத் தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கு ஒரு தெளிவான சான்று. செபமாலை சொல்லுதலை அவர்கள் ‘ஐம்பத்து மூன்று மணிச் செபம்’ என்பர். இங்கு மணி, மாலையின் உறுப்பாகவும் வேண்டுதலின் எண்ணலகாகவும் ஒருங்கே நிற்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு நேர்மாறான பொருள் வளர்ச்சி நிகழ்ந்துள்ளது. இன்று கோவைமணியைக் குறிக்கும் ‘பீட்’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் வேண்டுதலையே குறித்தது. வேண்டுதலை எண்ணப் பயன்பட்ட உருண்டைக்கு அப்பெயர் பின்னர் ஆகிவந்தது. ஆங்கிலத்தில் செபம் மணிக்குப் பெயர் தந்தது. தமிழில் மணி செபத்திற்குப் பெயர் தந்தது. இரு மொழியிலும் இவ்விரு பொருள்களையும் இணைத்தது எண்ணுதல் என்னும் செயலே.

3. தொழில்முறை உணர்த்தும் வேறுபாடு

சொற்பொருளை வரையறுக்க நூற்சான்று மட்டும் போதாது, தொழில்முறையும் அறியப்படவேண்டும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் 1980களில் தொடங்கிய அகழாய்வுகள் பச்சைக்கல், படிகம், சூதுபவளம் முதலிய கற்களில் மணி செய்த தொழிலைப் புலப்படுத்தின. முழுமையுற்ற மணிகளோடு, உருவாக்கத்தின் வெவ்வேறு நிலைகளில் நின்றுவிட்ட மணிகளும் அங்குக் கிடைத்தன. பதிற்றுப்பத்துக் குறிக்கும் அணிகலச் சிறப்புடைய கொடுமணம் இவ்வூரே என அறிஞர் பலர் கொள்வர். கல்மணித் தொழிலில் கல் முதலில் உருப்பெறுகிறது. துளை பின்னர் இடப்படுகிறது. மதுரைக்காஞ்சி இத்தொழிலாளரைக் ‘குயினர்’ என்னும் பெயரால் சுட்டுகிறது. துளைத்தற்பொருளுடைய ‘குயில்’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் அது. தொழிலின் உயிர்நாடி துளையிடுதலே என்பதைப் பெயரே உணர்த்துகிறது.

கண்ணாடி மணித் தொழில் இதனின் வேறானது. ஆந்திரத்தில் திருக்காளத்திக்கு அண்மையிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் நடைபெற்ற இழுப்புமுறையை மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் விரிவாகப் பதிவு செய்துள்ளார். நீண்ட இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடி கூம்பாகத் திரட்டப்படும். அதனுள் வெற்றிடம் உண்டாக்கப்பட்ட பின், நுனியைப் பற்றி இழுக்க மெல்லிய நீண்ட குழல் வெளிவரும். அக்குழலைத் துண்டுகளாக நறுக்கிச் சாம்பலுடன் சேர்த்து மீண்டும் சூடாக்க, விளிம்புகள் மழுங்கி மணிகளாகும். 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த சிறு கண்ணாடி மணிகளும் இவ்வகை இழுப்புமுறையில் அமைந்தவை என்பது அவர்தம் முடிபு.

இம்முறையில் துளை முதலில் பிறக்கிறது. மணி பின்னர் பிறக்கிறது. எனவே இத்தொழில் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்குவோர் ‘மணிகளைத் துளையிட்டனர்’ என்று எழுதின், இலக்கணம் வழுவாது, தொழில் வழுவும். ‘குழலிழுத்தல்’, ‘நறுக்குதல்’, ‘மழுக்குதல்’ போன்ற எளிய தமிழ் வினைகளே இங்குத் துல்லியமானவை.

4. அகரவரிசை விளைத்த சிதறல்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பெருமை ஐயத்திற்கு இடமில்லாதது. எனினும் கைவினைச் சொற்களைப் பொறுத்தவரை அகரவரிசை முறைக்கே உரிய ஒரு குறையை அதுவும் பிறவும் தவிர்க்க இயலவில்லை.

மேற்காட்டிய தமிழ்க் கூட்டுச்சொற்களில் தலைமைக்கூறு இறுதியில் நிற்கும். பாசிமணி ஒருவகை மணி; கருகமணி ஒருவகை மணி. அகரவரிசையோ முதலெழுத்தை நோக்குவது. அதனால் பாசிமணி பகரத்திலும், கருகமணி ககரத்திலும், துளசிமணி தகரத்திலும் சிதறுகின்றன. மணி என்னும் தலைச்சொல்லை அடுத்து மணிமகுடமும் மணிமண்டபமும் நிரல்பட நிற்கின்றன. மன்னர்க்கும் கோயிலுக்கும் உரிய சொற்களில் மணி அடையாக முன் நிற்பது. மாலை கோப்பவர்க்கு உரிய சொற்களில் அது தலைமையாகப் பின் நிற்பது. ஆகவே அகராதியின் ஒரு பக்கத்தைப் புரட்டுவோர்க்கு அரண்மனை தொகுதியாகக் காட்சி தருகிறது. கோவைத் தொழிலோ தொகுதியாகக் காட்சி தருவதில்லை. எந்தத் தொகுப்பாசிரியரும் கருதிச் செய்ததன்று இது. வரிசைமுறை தானே விளைத்தது.

திவாகரம் முதலிய நிகண்டுகள் இக்குறையைப் பெரிதும் தவிர்த்தன. செயற்கை வடிவம் பற்றிய பெயர்கள் அவற்றில் ஒரு தொகுதியாக அமைந்தன. மனப்பாடத்திற்காக அமைந்த பழைய முறை எனத் தள்ளப்பட்ட அப்பகுப்பு, இன்று சொற்கள ஆய்வு வேண்டுவதற்கு மிக அணுக்கமானது.

5. மொழிபெயர்ப்பில் நேரும் பிளவு

தமிழில் ஒரு சொல்லாக நிற்கும் மணி, ஆங்கிலத்தில் இரத்தினத்திற்குரிய சொல், கோவைமணிக்குரிய சொல், கூலத்திற்குரிய சொல் எனப் பிரிகிறது. தேர்வு தவிர்க்க இயலாதது. ஆனால் தேர்வின் அளவுகோல் யாது என்பதே வினா. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்பினுள் இருந்தது மாணிக்கம்; பாண்டிமாதேவியின் சிலம்பினுள் இருந்தது முத்து. வழக்கின் தீர்ப்பே மூலப்பொருளைச் சார்ந்திருத்தலின், அங்கு இரத்தினப்பொருளைத் தேர்தல் முற்றிலும் பொருந்தும். அப்பொருத்தத்தை எல்லா இடத்திற்கும் நீட்டுவதே பிழை. அரசன் மார்பில் கிடப்பது இரத்தினம், குறமகள் கழுத்தில் கிடப்பது மலிவான உருண்டை எனச் சூழலின் செல்வநிலை கொண்டு சொல்லைத் தேர்ந்தால், மூலம் செய்யாத தரப்பிரிவை மொழிபெயர்ப்புச் செய்துவிடுகிறது.

முற்கூறுகளும் கவனத்திற்கு உரியன. ‘பாசி’ என்பது பசுமையை உணர்த்தும் அடியோடு தொடர்புடையது. பச்சைநிற மணியைக் குறித்த சொல் பொருள் விரிவு பெற்றுச் சிறு கண்ணாடி மணிக்குப் பொதுப்பெயராயிற்று. ஆதலின் ‘சிவப்புப் பாசி’ என்பது பேச்சுவழக்கில் முரணன்று. அடிச்சொல் ஆராய்ச்சியில் மட்டுமே முரண். ‘சூதுபவளம்’ என்பதைப் பவளத்தின் ஒரு வகை எனக் கொண்டால் கடல்படு பொருளும் நிலத்துக் கல்லும் மயங்கும். தமிழகத் தொல்லியல் எழுத்துகளில் அது செந்நிறக் கல்வகையைக் குறிப்பது. ‘ஊசிமணி’ என்பது ஊசியும் மணியும் என உம்மைத்தொகையாகவும், ஊசி போன்ற மணி என உவமைத்தொகையாகவும் விரித்தற்கு இடம் தருகிறது. தெருவில் இரண்டையும் விற்போர் குரலாக வருமிடத்து உம்மைத்தொகையே பொருந்தும்.

மொழியியலார்க்கு அணுக்கமான சான்று ‘மணிப்பிரவாளம்’. வீரசோழியம் குறிப்பிடும் இக்கலப்பு நடையின் பெயரைப் பதினான்காம் நூற்றாண்டு லீலாதிலகம் விளக்குகிறது. செம்மணியும் செம்பவளமும் ஒரு நூலில் கோக்கப்படும்போது நிறவொற்றுமையால் வேறுபாடு தோன்றாது. அதுபோல் இரு மொழிச் சொற்களும் இசையவேண்டும் என்பது கருத்து. ‘மாணிக்கமும் பவளமும்’ என்று மட்டும் பெயர்த்தால் விலையுயர்ந்த இரு பொருள்களின் சேர்க்கை என்றே படிப்போர் கொள்வர். உவமையின் உயிரான கோவை மறைந்துவிடும்.

6. தொழிலும் மக்கட்பெயரும்

பாசிமணி கோத்து விற்றலைப் பிழைப்பாகக் கொண்டோரைத் தமிழர் நரிக்குறவர் என்றும் குருவிக்காரர் என்றும் வழங்கினர். கன்னட நாட்டில் இவர்க்கு இனமானவர்களின் பெயர் ஹக்கிப்பிக்கி. அதுவும் பறவை பிடிப்போர் என்னும் பொருளது. இவர்தம் தாய்மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த வாக்ரிபோலி. சீனிவாச வர்மா அம்மொழி பற்றி எழுதிய ஆய்வுநூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தபின் மணிக்கோவைத் தொழிலின் இன்றியமையாமை மிகுந்தது. எனினும் அயலார் இட்ட வேட்டைப் பெயரே நிலைத்தது. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் இவர்களைச் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியபோதும் சட்டத்தில் ஏறியவை அப்பெயர்களே.

தெலுங்கில் நிலை வேறு. ‘பூசல’ என்னும் சமூகப்பெயர் மணி விற்ற தொழிலின் அடியாகவே அமைந்தது. ஒரே வகைத் தொழிலைச் செய்தோருள் ஒரு சாரார் தொழிலால் பெயர் பெற, மற்றொரு சாரார் கைவிட்ட தொழிலால் பெயர் பெற்றனர். மொழிபெயர்ப்பாளர் இப்பெயர்களை எழுத்துப்பெயர்ப்புச் செய்வதே முறை. பொருள்பெயர்ப்புச் செய்து ‘நரி வேட்டையாடுவோர்’ என எழுதின், அயலார் பார்வை அவர்தம் இயல்பாகவே பதிந்துவிடும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் மணி என்பது கைவினை வழக்கில் அலகுப்பெயராக நிற்கிறது என்பதும், அதனை இரத்தினப்பொருளில் மட்டும் நிறுத்துதல் தொழிலையும் தொழிலாளரையும் சொற்பொருள் ஆய்விலிருந்து விலக்குகிறது என்பதும் பெறப்படும். தமிழ் அகராதிகளுக்கு ஈற்றுச்சொல் அடைவு ஒன்று இணைக்கப்படின், சிதறிய மணிச்சொற்கள் ஒரே பக்கத்தில் கூடும். மொழிபெயர்ப்பாளர், அணிந்திருப்பவர் யார் என்பதற்கு முன்னர், அம்மணி கோக்கப்பட்டதா, பதிக்கப்பட்டதா, எண்ணப்பட்டதா என வினவின் பெரும்பாலான மயக்கங்கள் நீங்கும்.

நந்திதுர்க் போன்ற மும்மொழிக் குடியிருப்புகள் இவ்வாய்வுக்கு மிகத் தகுதியான களங்கள். கருகமணியும் கரிமணியும் நல்லபூசலுவும் அண்டை வீடுகளில் வழங்கும் இடத்தில் ஒரு சொல்லின் எல்லையை மற்றொன்று தானே வரையறுத்துக் காட்டுகிறது. தங்கவயலின் சொல்வளம் என்றவுடன் சுரங்கத்தினுள் ஆடவர் வழங்கிய தொழிற்சொற்களையே கருதுவது இயல்பு. அவற்றோடு, வீட்டில் பெண்டிர் நூலும் மணியும் கொண்டு வழங்கிய சொற்களும் தொகுக்கப்படின், தொகுப்பு முழுமை பெறும்.